யோருனின் தனிமையும் ஊராரின் வாளிகளும்

மலைக்குடிலின் கதவை யாரோ தட்டினார்கள். காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த யோருன், அது காற்றாக இருக்கவேண்டும் என்று மனதார ஆசைப்பட்டாள்.

காற்று மறுபடியும் தட்டியது. இருமியது. பிறகு, "யோருன், உள்ளதானே இருக்கே?" என்று கேட்டது.

கதவைத் திறந்தாள். வாசலில் பியார்னே நின்றிருந்தார். ஊரில் அவள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரர். எழுபது தாண்டியவர். படகை விற்ற நாளிலிருந்து மீனுக்குப் பதிலாக ஊர் வம்பைப் பிடித்துக்கொண்டிருப்பவர்.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா, காத்து வாங்கலாம்னு."

"ஊர்ல காத்து இல்லையா?"

"இருக்கு. அது தினமும் வாங்குற காத்துதானே."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய மழைச்சட்டைக்குள் வயிறு உருண்டையாகப் புடைத்திருந்தது. உட்கார்ந்தபோது அந்த வயிறு மேசை விளிம்பில் மோதி, 'டங்' என்று சத்தம் போட்டது. இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

கேட்கக்கூடாது. எங்கள் செனியா தீவின் மரியாதை அது. ஆகஸ்டு மாதத்தில் ஒருவர் மழைச்சட்டைக்குள் வாளியை மறைத்துக்கொண்டு மலையில் திரிந்தால், அவர் மொல்ட்டே பழம் பறிக்கப் போகிறார் என்று அர்த்தம். சதுப்பில் ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம்தான் காய்க்கும். பழுத்தால் பொன் நிறம். ஊருக்குப் பின்னால் இருக்கும் பெரிய சதுப்பு எல்லாருக்கும் பொது என்பதால் அங்கே பழத்தைவிடக் கைகள் அதிகம். அதனால் ஆளுக்கொரு ரகசியச் சதுப்பு மலையில் எங்கேயாவது இருக்கும், அல்லது இருப்பதாக மற்றவர்கள் நம்புவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் மூலநோயைப் பற்றிக்கூட பஸ் நிறுத்தத்தில் பேசுவார்கள். சதுப்பு எங்கே என்று மட்டும் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள்.

யோருனுக்குப் பழத்தில் அக்கறை இல்லை. அவள் வீட்டில் அது கணவன் ஐலிவின் இலாகா. அவளுக்கு வேண்டியதெல்லாம் தனிமை.

காரணம் இருந்தது. ஊரில் முடி வெட்டுவது அவள் ஒருத்திதான். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி. கழுத்தில் துணியைக் கட்டியதுமே எப்பேர்ப்பட்ட ஊமைக்கும் வாய் திறந்துவிடும். திரோம்சோ நகரத்தில் படிக்கும் மகளின் காதல், மைத்துனன் எடுத்துக்கொண்டு போன வலை, பித்தப்பைக் கல், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் அவள் காதுக்குள்தான் வந்து கொட்டும். இந்த வசந்தத்தில் அவளுக்கு ஐம்பது வயது முடிந்தது. அன்றைக்குக் கேக் வெட்டும்போது அவள் சொன்னாள்: "நான் தீவை வடக்குமுனையிலேருந்து தெக்குத்துறை வரைக்கும் தனியா நடக்கப் போறேன். பலகைல பேர் போடப் போறேன்."

தெற்குத் துறையில் படகுக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு காபிக்கடை உண்டு. அதன் சுவரில், கடலில் மிதந்து வந்த ஒரு பெரிய பலகை. தீவை நீளவாக்கில் தன்னந்தனியாக நடந்து முடித்தவர்களின் பெயரைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதில் சுடுவார்கள். ஜெர்மனிக்காரர்கள் இருக்கிறார்கள், டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர்கூட இருக்கிறார். எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் கிடையாது.

"நீ? தனியா?" என்று அன்றைக்குச் சிரித்தவள் தோர்டிஸ். தேவாலயப் பாட்டுக்குழுவை நடத்துகிறவள், யோருனின் சிறுவயதுத் தோழி. "ஒரு மணி நேரம் ஆள் இல்லேன்னா நீ சுவத்துகிட்ட பேசுவேடி."

எல்லாரும் சிரித்தார்கள். ஐலிவ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அதிகம் பேசாதவன். மூச்சை 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுப்பான். எங்கள் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள். போன வாரம் அவனே வாயைத் திறந்து, "போறதா இருந்தா இந்த வாரமே போ. வானிலை நல்லா இருக்கு" என்றான். அவன் இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசியதில் யோருனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது முதல் நாளே பியார்னே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பியார்னே, நான் தனியா நடந்து முடிக்கணும். யாராவது கூட வந்தா பலகைல பேர் போடமாட்டாங்க. புரியுதா?"

"நல்லாப் புரியுது." ஒரு கண்ணைச் சிமிட்டினார். "நான் உன்னைப் பாக்கல. நீயும் என்னைப் பாக்கல."

"கண்ணு எதுக்குச் சிமிட்டுறீங்க?"

"தூசி."

அவர் காபியைக் குடித்தார். அவளுடைய பழுப்புப் பாலாடைக்கட்டியில் பாதியைச் சாப்பிட்டார். பிறகு காதைத் தடவிக்கொண்டார்.

"முடி காது மேல விழுது. கத்திரிக்கோல் வச்சிருப்பியே?"

"வெட்டிவிட்டா ஊருக்குத் திரும்பிப் போயிடுவீங்களா?"

"சத்தியமா."

முதலுதவிப் பையிலிருந்த கத்திரிக்கோலால் வெட்டினாள். வெட்டி முடிக்கும்வரை அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். மறுநாள் காலை வடக்கு நோக்கி நடந்து, மேட்டில் ஏறி மறைந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் பின்னாலிருந்து உரக்கச் சொல்லிவைத்தாள்: "நான் மேற்கே ஏரிப்பக்கமாப் போறேன்." பிறகு கிழக்கே திரும்பி, பிர்ச் மரப் பள்ளத்தாக்கில் இறங்கினாள்.

அதுதான் முதல் தவறு. ஆகஸ்டு மாதத்தில் எங்கள் ஊரில் யாராவது மேற்கே போகிறேன் என்றால், கேட்பவர் கிழக்கேதான் போவார்.

பள்ளத்தாக்கின் அடியில் ஆறு. கரைக்கு வந்தவள் நின்றுவிட்டாள். அக்கரையில் பியார்னே பாறைமேல் உட்கார்ந்து காலுறை உலர்த்திக்கொண்டிருந்தார். இக்கரைப் புதருக்குள்ளிருந்து தொலைநோக்கி ஒன்று அவளைப் பார்த்தது. தொலைநோக்கிக்குப் பின்னால் தோர்டிஸ்.

"பியார்னே, நீங்க வடக்கே போனீங்களே."

"போனேன். வடக்கு சீக்கிரமே முடிஞ்சு போச்சு."

"தோர்டிஸ், நீ?"

"பறவை பாக்க வந்தேன்."

"உன் தலைல இருக்கறது வாளியா?"

தோர்டிஸ் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள், அப்போதுதான் தெரிந்துகொண்டவள் போல. "மழை வரும்னு சொன்னாங்க. அதோட, பறவைக்குத் தண்ணி வைக்கலாம் பாரு."

"ஆத்தங்கரைல?"

"சில பறவைக்கு ஆத்துத் தண்ணி ஒத்துக்காதுடி."

யோருன் பூட்ஸைக் கழற்றாமலே ஆற்றைக் கடந்தாள். பூட்ஸுக்குள் பனித்தண்ணீர் சளசளவென்றது. வேகமாக நடந்தால் இருவரும் பின்தங்கிவிடுவார்கள் என்று வேகமாக நடந்தாள். அவள் வேகமாக நடப்பதைப் பார்த்து, சதுப்பு கிட்டத்தில் வந்துவிட்டது என்று அவர்களும் ஓட ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியபோது, அதற்குப் பின்னால் மண்டியிட்டிருந்த ஒருவர்மேல் இடித்துக்கொண்டாள். எங்கள் பாதிரியார் ஹென்னிங். தெற்கிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, ஆனால் நன்றாகப் பழகிவிட்டார்.

"மன்னிக்கணும் யோருன். மௌனப் பிரார்த்தனைல இருந்தேன்."

"இங்கயா?"

"நானும் உங்கள மாதிரி தனிமையத் தேடித்தான் வந்தேன்."

"இந்த வாளி?"

பாதிரியார் வாளியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "எந்த இடத்துல யார் ஞானஸ்நானம் கேப்பாங்கன்னு சொல்ல முடியாது."

யோருன் முதுகுப்பையைக் கழற்றிக் கீழே போட்டாள். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"இப்ப யாராவது உண்மையைச் சொல்லுங்க. ஏன் என் பின்னாடியே வர்றீங்க?"

மூவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். கடைசியில் தோர்டிஸ்தான் முனகினாள்.

"உன் பெரியம்மா சதுப்பு."

யோருனின் பெரியம்மா மாகன்ஹில்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வருடாவருடம் மலையிலிருந்து வாளி வாளியாகப் பொன்னிறப் பழத்தோடு இறங்கி வருவாள். எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது. பின்தொடர்ந்தவர்களைப் பாசிச் சேற்றில் இடுப்பளவு இறக்கிவிட்டு, மேலிருந்து கையசைத்துவிட்டுப் போய்விடுவாள். போன குளிர்காலத்தில்தான் இறந்தாள்.

"சாகுறப்ப உன் காதுல ஏதோ சொன்னாங்களாமே" என்றார் பியார்னே.

"சொன்னாங்க. தலகாணிய இன்னும் கொஞ்சம் தூக்கி வைன்னு சொன்னாங்க."

மூவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"தலகாணி மாதிரி ஒரு குன்று, வேலிக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்குல்ல?" என்றாள் தோர்டிஸ் மெதுவாக.

"இன்னும் கொஞ்சம் தூக்கின்னா, அதுக்கு மேல்பக்கம்" என்றார் பாதிரியார்.

"அது நிஜத் தலகாணி. எனக்கு எந்தச் சதுப்பும் தெரியாது. யாரு சொன்னா உங்களுக்கு இதெல்லாம்?"

பாதிரியார் தோர்டிஸைக் காட்டினார். தோர்டிஸ் பியார்னேயைக் காட்டினாள். பியார்னே நெஞ்சில் கை வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கேட்டது. சொன்ன ஆள் பேர மட்டும் கேக்காதே."

"எனக்குச் சதுப்பு தெரியாது, தெரியாது, தெரியாது."

பியார்னே பாதிரியாரிடம் திரும்பி, வியப்போடு தலையாட்டினார். "அப்படியே பெரியம்மா. அவங்களும் மூணு தரம்தான் சொல்லுவாங்க."

அன்று மாலைக்குள் மேலும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மீன் பதப்படுத்தும் கூடத்திலிருந்து ஒரு கோஷ்டி, பாட்டுக்குழுவின் கீழ்ச்சுருதிக்காரர்கள் முழுதாக, உணவுக்கடைக்காரரும் அவர் மனைவியும் தனித்தனியாக. ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் மூட்டுவலிக்கு மருத்துவர் நடக்கச் சொன்னதாகச் சொன்னார். இன்னொருவர் தொலைந்த ஆட்டைத் தேடினார். எந்த ஆடு என்று கேட்டதற்கு, வெள்ளை என்றார்.

யோருன் ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். கீழே பள்ளத்தில் ஒரு சதுப்பு தெரிந்தது. சின்னதாக இருந்தாலும் பழம் மினுங்கத்தான் செய்தது. விரலை நீட்டி, "சரி, சொல்லிடறேன். அதுதான் பெரியம்மா சதுப்பு. போய்ப் பறிச்சுக்குங்க" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை.

"காட்டுறாளே" என்றார் உணவுக்கடைக்காரர், சந்தேகமாக.

"காட்டினா அது இல்ல" என்றார் அவர் மனைவி. அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்ணெதிரே பழுத்துக் கிடந்த சதுப்பை அத்தனை பேரும் தாண்டிப் போனார்கள். ஒரு பழத்தைக்கூட யாரும் தொடவில்லை. தொட்டால் ஏமாந்ததாக ஆகிவிடும்.

சிறிது நேரம் கழித்து யோருன் ஒதுங்க வேண்டியிருந்தது. பாதையை விட்டு விலகி, தாழ்ந்த புதர்களுக்குப் பின்னால் போனாள். மலை முழுக்க மௌனமாகிவிட்டது. எல்லாரும் நின்ற இடத்திலேயே உறைந்து, அந்தத் திசையை மனதில் குறித்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்து தன்வழியே நடந்த பிறகு, பியார்னே நைசாகப் போய் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தார். உணவுக்கடைக்காரர் அந்தக் குச்சியைச் சுற்றி வெகுநேரம் குனிந்து தேடினார். என்ன கண்டார் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டாவது குடிலில் அன்று கூட்டம் தாங்கவில்லை. கட்டிலில் இரண்டிரண்டு பேர், தரையில் தலைமாடும் கால்மாடுமாகப் பலர். வாசலில் வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் காலி. பியார்னேயின் காது பளிச்சென்று தெரிவதைப் பார்த்த மீன்கூடத்து ஆள் ஒருவர், "எனக்கும் கொஞ்சம்" என்று யோருனின் முன்னால் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் துண்டு விழுந்ததும் வாய் திறந்தது. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. பித்தப்பைக் கல், வலை, நாய் எல்லாம் மலையேறி வந்து அவள் காதைப் பிடித்துக்கொண்டன.

கடைசித் தலையை முடித்ததும் யோருன் கத்திரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கல்லில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுதாள். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையும் ஊர் வந்து பங்கு போட்டுக்கொண்டுவிட்டது. பலகை போனது போனதுதான். ஊருக்குப் போனால் தோர்டிஸ் சொன்னதுதான் நிற்கும்: யோருனால் தனியாக இருக்க முடியாது.

தோர்டிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பையிலிருந்து சாக்லெட் ஒன்றை எடுத்து, பெரிய துண்டை உடைத்து நீட்டினாள்.

"நாங்க உன்னைப் படுத்துறோம் இல்ல?"

"படுத்துறீங்க."

"திரும்பிப் போயிடலாம்னுதான் இருந்தேன். ஆனா நான் போயி, பியார்னே மட்டும் சதுப்பக் கண்டுபிடிச்சிட்டாருன்னா, ஆயுசுக்கும் தூக்கம் வராதுடி."

யோருனுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது. நாங்கள் இப்படித்தான். எங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் அவளுக்கு வழி கிடைத்தது. அதைத் தேடவேண்டியிருக்கவில்லை, குடிலின் சுவரிலேயே விதிமுறைத் தாளாக ஆணியடித்து மாட்டியிருந்தது. கடைசியாகக் கிளம்புபவர் விறகு பிளந்து அடுக்கவேண்டும், தரை துடைக்கவேண்டும், ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் நிறைத்து வைக்கவேண்டும். எங்கள் நாட்டில் வரி ஏய்த்தவன்கூட நிம்மதியாகத் தூங்குவான், குடிலைத் துடைக்காமல் போனவனுக்குத் தூக்கம் வராது.

யோருன் சத்தமில்லாமல் எழுந்தாள். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, வாளி அடுக்கில் இடிக்காமல் வெளியே போய், கதவைப் படீரென்று சாத்தினாள்.

உள்ளே அத்தனை பேரும் எழுந்துகொண்டார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கதவுக்கு ஓடினார்கள். அத்தனை பேரும் வாசலில் நின்றுவிட்டார்கள்.

"யாரு கடைசி?" என்றது பியார்னேயின் குரல்.

"நான் இல்ல. நீங்கதான் ஜன்னலோரம் படுத்திருந்தீங்க."

"பாதிரியார் உள்ள தொழுதுட்டு கடைசியா வரட்டும், நாம போகலாம்."

"நான் ஏற்கெனவே வெளிய நிக்கிறேன், கவனிங்க."

"எல்லாரும் ஒண்ணா வெளிய போனா யாருமே கடைசி இல்ல."

"அப்ப தரைய யாரு துடைப்பா?"

அவள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் பிளப்பதை மற்றவர் சரியில்லை என்று சொல்லும் சத்தமும் கேட்டது. பிறகு காற்று மட்டும்.

முகட்டுக்கு வந்ததும் நின்றாள். ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் நிலத்துக்குள் நீண்டு வந்த கடல்நீர், நடுவில் கத்தி போன்ற சிகரங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஓர் ஆள் இல்லை. மகிழ்ச்சி இத்தனை பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கைகளை விரித்துக்கொண்டு, ஐம்பது வயது ஆனதை மறந்து, பாசிமேல் துள்ளித் துள்ளி ஓடினாள். காய்ந்த காட் மீனைக் கிழித்து மென்றாள். வழியில் படுத்திருந்த ஓர் ஆட்டிடம், "யாரு உனக்கு ரோமம் வெட்டினது? ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கே" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் பேசுவது உறைத்தது. ஆனால் ஆடு தன் கஷ்டத்தைச் சொல்லவில்லை. அந்த வகையில் அது மிக நல்ல ஆடு.

பகல் முழுக்க அவளுடையதாக இருந்தது. மாலையில் தெற்குத் துறைக்கு இறங்கினாள். உப்பும் வாஃபிள் வாசனையும் சேர்ந்து வந்தன.

காபிக்கடைக்காரி பெட்ரா பலகைக்குக் கீழே நின்று கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்காத முகம். போன கோடையில் ஒருவர் நாயோடு நடந்து வந்தார் என்பதற்காகப் பெயர் போட மறுத்தவள்.

"தனியாவா வந்தீங்க?"

இல்லை என்று சொல்லவேண்டியதில்லை. கடையில் வேறு யாரும் இல்லை, கம்பியோ அடுப்பில் தயாராக இருந்தது. ஆனால் யோருனுக்குப் பொய் வரவில்லை.

"இன்னிக்கு மட்டும்தான் தனியா. அதுக்கு முந்தி ஊரே என் பின்னாடி வந்துச்சு."

"அப்ப முடியாதே" என்றாள் பெட்ரா. வருத்தமாகத்தான் சொன்னாள்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. சேறும் வியர்வையுமாக, காலி வாளிகளோடு, ஊர் உள்ளே வந்தது. எல்லாருக்கும் முடி சீராக வெட்டியிருந்தது.

பெட்ரா அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்கதானா?" என்று யோருனைக் கேட்டுவிட்டு அவர்களிடம் திரும்பினாள். "நீங்கதானே மலைல இவங்க கூட நடந்து வந்தது?"

எல்லாரும் வாளிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்கள். மலையில் இருந்தேன் என்று ஒப்புக்கொண்டால் எதற்குப் போனாய் என்ற கேள்வி வரும். எதற்குப் போனேன் என்று சொன்னால் இன்னொருத்தியின் சதுப்பைத் திருட என்றாகிவிடும். எங்கள் தீவில் அதைச் சொல்லிவிட்டு உயிர் வாழ முடியாது.

"மலையா?" என்றார் பியார்னே. "எனக்கு முழங்கால் வலி. நான் மலைக்குப் போயி பத்து வருஷம் ஆச்சு."

"நான் கடலோரமா நடந்து வந்தேன். ஆட்டத் தேடிக்கிட்டு" என்றார் இன்னொருவர்.

"நாங்க ரெண்டு பேரும் வீட்லதான் இருந்தோம்" என்றார்கள் உணவுக்கடைக்காரரும் மனைவியும், பல வருடங்களில் முதல்முறையாக ஒரே குரலில்.

பெட்ரா பாதிரியாரைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையோடு பார்த்தாள். அவர் முகம் சிவந்தது.

"அந்த மலைல நான் யாரையும் பாக்கல" என்றார் பாதிரியார். "கண்ணை மூடிப் பிரார்த்தனைல இருந்தேன்."

கடைசியாகத் தோர்டிஸ். அவள் யோருனை நேராகப் பார்த்தாள்.

"இவ கூட யாரும் வரல. வடக்குமுனையிலேருந்து இங்க வரைக்கும் இவ தனியாத்தான் நடந்தா. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பறவை பாக்கறப்ப தூரத்துல தெரிஞ்சா."

பெட்ரா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அடுப்பிலிருந்து கம்பியை எடுத்து யோருனின் கையில் கொடுத்தாள். "இத்தனை பேர் சாட்சி சொல்லும்போது இல்லேன்னு சொல்ல நான் யாரு."

யோருன் தன் பெயரைச் சுட்டாள். புகை கண்ணில் பட்டது. கண்ணீர் அதனால் மட்டும் வரவில்லை. ஊர் கைதட்டியது. பாட்டுக்குழு தானாகவே பாட ஆரம்பித்தது. பெட்ரா வாஃபிளுக்கு மாவு கலக்கினாள். அவள் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தோம் என்று துறைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். பழம் கிடைக்காத வருத்தம்கூட யாருக்கும் பெரிதாக இல்லை. எவருக்குமே கிடைக்கவில்லை என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

எங்கள் ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் அஸ்லே காபிக்காக உள்ளே வந்து, காலி வாளிகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றினார்.

யோருன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பலகையை முதலில் காட்ட வேண்டியது ஐலிவுக்குத்தான்.

"அஸ்லே, ஐலிவ் வரலியா? துறைல வந்து நிக்கறேன்னு சொல்லியிருந்தானே."

அஸ்லே கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தார்.

"அவரு எங்க வருவாரு, நீங்க கிளம்புன நாள்லேருந்து காலைலயும் சாயங்காலமும் ஊருக்குப் பின்னாடி பெரிய சதுப்புலேருந்து நிறை வாளியா இறக்கிக்கிட்டிருக்காரு, ஊர்ல ஒரு ஈ காக்கா இல்லாம அத்தனையும் தனியாவே பறிச்சு இடுப்பு போச்சு அஸ்லேன்னு இன்னிக்குக்கூட வருத்தப்பட்டாரு."